உடைத்துப் பார்க்காத கருப்பட்டி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்ததும் வீட்டில் இருவரும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னோம். இங்கே எல்லாரும் சுகம். இந்த வருஷம் மழை நல்ல மழை. ஊர்க்குளம் மறுகால் பாய்ந்து எத்தனை வருஷமாயிற்று! எனக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. கோயிலுக்கு மட்டும் எப்படியோ நடந்துவிடுகிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "வேதக்காரர் வீடு என்றால் ஒரு காலத்தில் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்ததே, அது எங்கே போயிற்று?" என்று எழுதியிருந்தாய். வேதக்காரர் என்று ஊர் சொல்வது கிறிஸ்தவர்களான நம்மைத்தானே. நாலு நாளாக மனசு அதிலேயே கிடக்கிறது. யோசிக்க யோசிக்க அப்பாவின் கடைதான் கண்முன் வருகிறது.

உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி வியாபாரம் உனக்குத் தெரியாததா? பதநீர் காய்ச்சும்போது சீனியைக் கலந்துவிட்டால் சரக்கு கூடும், கையில் காசும் கூடும். ஆனால் உடைத்துப் பார்த்தால் உள்ளே பளபளவென்று மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். காயல்பட்டினத்திலிருந்து வருகிற பாய் ஒருவர் எந்தக் கடைக்குப் போனாலும் ஒன்றை எடுத்துத் தரையில் தட்டி உடைத்துப் பார்த்துத்தான் விலை பேசுவார். எங்கள் கடையில் உடைக்க மாட்டார். "வேதக்காரர் கடையில எதுக்கு உடைக்கணும்? கட்டுங்க" என்பார்.

ஒரு வருஷம் புதிதாக ஒருவரிடம் வாங்கிய சிப்பத்தில் சீனி கலந்திருந்தது. அப்பாவுக்கு அது தெரிவதற்குள் பாதி விற்றுப்போயிற்று. அன்று சாயங்காலமே நோட்டைப் புரட்டி, யார் யாருக்குக் கொடுத்தது என்று குறித்து, என் கையில் காசை எண்ணித் தந்து சைக்கிளில் அனுப்பினார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. "சரக்கு சரியில்லை, அப்பா காசைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாங்க" என்று வாசல் வாசலாக நின்று சொல்ல வேண்டும். கூனிக் குறுகிப்போனேன். சில வீடுகளில் காப்பி போட்டுக் குடித்தே தீர்த்திருந்தார்கள், அவர்களுக்கும் காசு கொடுத்தேன். கீழத்தெருப் பாட்டி ஒருத்தி மட்டும் காசை வாங்காமல், "உங்கப்பன்கிட்ட சொல்லு, அடுத்த தடவையும் நான் அங்கதான் வாங்குவேன்னு" என்றாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் புதுத்துணி இல்லை.

அப்பா ஒருநாளும் பாயிடம் பிரசங்கம் செய்ததில்லை. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிற நீதிமொழி வசனத்தைக் கல்லாவுக்கு எதிர்ச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். வாங்க வருகிறவர்களுக்கு அது முதுகுப்பக்கம். உட்கார்ந்தால் அவருக்குத்தான் நேரே தெரியும்.

நம்மைப் பற்றி யாராவது நல்லவிதமாகப் பேசினால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும்தான் முதலில் வரும். அது நியாயம்தான். பாளையங்கோட்டையில் 1897-ல் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியில் படித்துப் பிழைத்த குடும்பங்கள் எத்தனை! ஆனால் அதெல்லாம் யாரோ எப்போதோ கட்டிவைத்தது. பக்கத்து வீட்டுக்காரன் பார்ப்பது அந்தக் கட்டடத்தை இல்லை, உன்னையும் என்னையும்தான்.

நம் அசரியா அத்தியட்சரை, அதுதான் பிஷப்பை, எடுத்துக்கொள். 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1909-ல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஊழியத்துக்குப் போனார், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சர் ஆனார். அங்கே சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் மாலா, மாதிகா என்று ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்ட ஜனங்கள். அவர்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள், குடியை விட்டார்கள். இதை அவர்களிடம் கூலி வேலை வாங்கிய மேல்சாதிக் குடியானவர்கள் தினம் தினம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தக் குடியானவர்களிலும் பலர் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். எங்களை இழுத்தது அந்த ஏழைகளின் நடத்தை என்றார்கள். யார் யாருக்குப் போதகர் ஆனார் பார்! எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் கண் கலங்கும்.

அதே அசரியா 1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் முன்னால் எழுந்து நின்று, நீங்கள் ஏழைகளுக்கு ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். எத்தனையோ தியாகம் செய்தவர்கள்கூடச் சக இந்திய ஊழியக்காரனைச் சமமாக உட்காரவைத்துச் சாப்பிடத் தயங்கினார்கள் என்பது அவருடைய மனக்குறை. அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நம் குறையும் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்காரனைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. வடக்கன்குளத்துக் கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாக ஜனங்களைப் பிரித்த சுவரை இடித்தது பழைய கதை. கல்லறைத் தோட்டத்திலும், பெண் பார்க்கும்போதும், சபைத் தேர்தலிலும் நாம் இன்னும் எழுப்பிவைத்திருக்கிற சுவர் ஊருக்குத் தெரியாமலா இருக்கிறது? மைக் வைத்து அன்பைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அந்தச் சுவரைத் தாண்டி ஒரு வார்த்தை வெளியே கேட்காது.

போன மாதம் ஒன்று நடந்தது. சபையில் முன்வரிசையில் உட்காருகிற ஒருவர் தன் வீட்டு மதில் வேலையை முடித்துவிட்டு, கொத்தனாரிடம் கூலியில் பாதியை நிறுத்தி, திங்கட்கிழமை வா, புதன்கிழமை வா என்று அலையவிட்டார். கொத்தனார் டீக்கடையில் என்னிடம் கோபப்படவில்லை. "அய்யா, நீங்களும் அந்தக் கோயில்தானே?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதியது சும்மா இல்லை. அன்று சாயங்காலம் நானே அந்த முன்வரிசைக்காரர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினேன். முகம் சுளித்தார். ஆனால் மறுநாள் கூலி போய்ச் சேர்ந்தது. இப்போது என்னோடு அவர் சரியாகப் பேசுவதில்லை. நான் செய்தது சரி என்றே நினைக்கிறேன், இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கலாமோ என்றும் தோன்றுகிறது. நீ என்ன நினைக்கிறாய், எழுது.

அப்புறம், அடுத்த மாதம் நம் கோயிலில் அசனம். ஆட்டுக்கறிக் குழம்பும் சோறுமாக, சாதி மதம் பார்க்காமல் ஊரே தரையில் உட்கார்ந்து சாப்பிடும், உனக்கு ஞாபகம் இருக்குமே. இந்த வருஷம் வெங்காயம் உரிக்க அம்மன் கோயில் தெருப் பெண்களும் தாங்களாகவே வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். தசராவுக்குக் குலசை முத்தாரம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு அம்மா வாசலில் வைத்த தண்ணீர்ப் பானையை அவர்கள் மறக்கவில்லை. கேட்டபோது அதைத்தான் சொன்னார்கள். கொத்தனாரையும் குடும்பத்தோடு அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.

நீ கட்டாயம் வா. பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. அவளுக்கு நல்ல கருப்பட்டி வாங்கிவைக்கிறேன். ஒரு கிலோ போதுமா, இரண்டு வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

உன் அன்பு நண்பன்