மடைச் சாவி யாரிடம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அதிகாரம் கைக்கு வந்தால் மனிதன் கெட்டுப்போகிறான் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காலிங்கராயன் வாய்க்கால் தண்ணீரில் நாற்பது வருஷமாக மஞ்சளும் வாழையும் வைத்து வருகிறவன் நான். சில காலம் எங்கள் பகுதிப் பாசன சபைக்குத் தலைவராக இருந்தேன். அந்த நாட்களில் நான் கெட்டுப்போனதாக எனக்குத் தோன்றவே இல்லை. செய்தது அத்தனையும் நியாயமாகத்தான் பட்டது. கட்டுரையாளர் இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

தண்ணீர் குறைந்து முறை வைத்து விட்ட ஒரு வருஷம், எங்கள் மாமன் தோட்டத்து மடை மட்டும் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருந்தது. மேட்டு நிலம், தண்ணீர் ஏற நேரமாகும் என்றேன். மஞ்சள் கிழங்கு பிடிக்கிற பருவம் என்றேன். இரண்டும் உண்மை. கடைமடைக்காரர் ஒருவர் சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. "நீங்க சொல்ற காரணமெல்லாம் சரிதானுங்க. ஆனா நியாயம் எப்பவும் உங்க சொந்தக்காரங்க தோட்டத்துப் பக்கமே பாயுதுங்களே" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

ஆசைக்குக் காரணம் தேடிக் கொடுப்பதில் புத்திக்கு அலுப்பே கிடையாது. படித்தவனுக்கு அது இன்னும் சுலபம். இந்த வாய்க்காலில் சாயக் கழிவும் தோல் கழிவும் கலந்த காலத்திலும் வேலை, கூலி, ஏற்றுமதி என்று காரணம் இருந்தது. அதுவும் பொய்யில்லை. கடைசியில் கழிவைப் பிரித்துக் கொண்டுபோக வாய்க்காலை ஒட்டியே பேபி வாய்க்கால் வெட்ட வேண்டி வந்தது.

இந்த வாய்க்காலை வெட்டின காலிங்கராயரை இங்கே நினைக்கிறேன். 1283இல் வேலை முடிந்தது என்பார்கள். பவானி ஆறு காவிரியில் சேருமுன் அணை கட்டித் திருப்பிய தண்ணீர், ஈரோட்டைக் கடந்து, கொடுமுடிக்கு அப்பால் நொய்யலில் போய்ச் சேர்கிறது. ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நேராக வெட்டியிருந்தால் தூரம் வெகுவாகக் குறைந்திருக்கும். ஆனால் தண்ணீர் வேகம் எடுத்துக் கரையை அறுத்திருக்கும், மேட்டு நிலத்துக்கும் எட்டியிருக்காது. நிலத்தின் வாட்டத்துக்கு இணங்கி வளைந்து வளைந்து போனதால்தான் இன்றைக்கும் ஓடுகிறது. பாம்பு ஊர்ந்து வழி காட்டியது என்று எங்கள் ஆயா கதை சொல்லும். அந்த நெளிவைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை ஏன் பிறந்தது என்று புரியும்.

அந்த அறிவைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. தன் சுயலாபத்துக்காக வெட்டுகிறார் என்று பேச்சு எழுந்தபோது, தானும் தன் வம்சமும் இந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று காலிங்கராயர் சபதம் செய்து, பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோய்விட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. கல்வெட்டுச் சான்று கேட்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. ஆனால் எழுநூறு வருஷத்துக்கு மேல் இந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஜனங்கள், அணையின் அளவையோ செலவையோ நினைவில் வைக்காமல், அவர் விட்டுப் போனதையே பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். தன் மனசு எவ்வளவு அழகாகக் காரணம் சொல்லும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் காரணம் சொல்லவே வழியில்லாமல் அடைத்துவிட்டார் என்று நான் நினைக்கிறேன்.

அவ்வளவு பெரிய காரியம் என்னால் ஆகாது. அடுத்த தண்ணீர் முறை வந்தபோது, என் மடைச் சாவியையும் மாமன் மடைச் சாவியையும் அந்தக் கடைமடைக்காரரிடம் கொடுத்தேன். மாமன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. நான் தலைவராக இருந்தவரை எங்கள் தோட்டத்துக்கு அவர்தான் தண்ணீர் திறந்தார். ஒரு தடவைகூட நேரம் குறைத்ததில்லை. கூட்டியதும் இல்லை.

இப்படிக்கு,
காலிங்கராயன் பாசன விவசாயி,
ஈரோடு மாவட்டம்.