கண்ணாடி மணிக்கு எந்தச் சூளை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அம்பாசமுத்திரத்தில் வீட்டிலேயே கேஸ் பர்னர் சுடரில் கண்ணாடி மணி செய்கிறேன். புதிதாகத் தொடங்கும் பெண்கள் எந்த மின்சூளை வாங்கலாம் என்று கேட்பதால் எழுதுகிறேன்.

தொடக்கத்தில் சூடான மணிகளை வெர்மிகுலைட் என்னும், சூட்டை மெல்ல விடும் கனிமத் துகளில் புதைத்து ஆறவிட்டேன். பார்வைக்குக் குறையில்லை. மதினிக்குக் கோத்துக் கொடுத்த மாலையில் மூன்று மணிகள் மறுவாரமே பிளந்தன. அந்த வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை. மெல்ல ஆறுவது மட்டும் போதாது. சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி, அதாவது சாதாரணக் கண்ணாடி, ஏறத்தாழ 510 டிகிரி செல்சியஸில் சிறிது நேரம் நின்று, பிறகுதான் படிப்படியாக இறங்க வேண்டும். சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி என்றால் 565 டிகிரி அளவில்.

ஆகவே, வெப்பத்தை ஒரே அளவில் நிறுத்திப் பிடிக்கும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுக் கருவிக்கே பணத்தைச் செலவிடுங்கள். 1,200 டிகிரி எட்டும் என்று வியாபாரி சொன்னால் மயங்க வேண்டாம். அது மண்பாண்டத்துக்கான சூடு. மணியை உருவாக்கிய கம்பியோடு சேர்த்தே நுழைக்க முன்புறம் சிறு கதவு அவசியம். பீங்கான் இழைச் சுவர் விரைவில் சூடேறும், விரைவில் ஆறியும் விடும். செங்கல் சுவர் மின்வெட்டிலும் சூட்டை இழுத்துப் பிடிக்கும். எங்கள் பக்கத்துக்கு நான் செங்கலையே சொல்வேன்.

தனியாக வாங்க முடியாதவர்களுக்காக மாவட்டத் தொழில் மையம் பொதுச் சூளை ஒன்று அமைத்துத் தர வேண்டுகிறேன்.

மணி செய்யும் வாசகி,
அம்பாசமுத்திரம்