ஸ்டோர்ஸ் சாருக்குக் கண் ஆபரேஷன்: துணைக்கு ஆள் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். நம் ஸ்டோர்ஸ் சாருக்கு வரும் வியாழன் கண்புரை ஆபரேஷன். மாலையே அனுப்பிவிடுவார்கள். மந்தைவெளி வீட்டில் அவர் மட்டும்தான். நாங்கள் கல்யாணமாகிச் சென்னை வந்த புதிதில் வாடகை வீடு தேடி எங்களோடு தெருத்தெருவாக அலைந்தவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இன்றுவரை எங்களோடுதான். யாருக்கும் சிரமம் வேண்டாம் என்பார், காதில் வாங்காதீர்கள்.

1. வியாழன் காலை 7 மணிக்கு நாங்கள் அழைத்துப் போகிறோம். இரவுத் துணைக்கும் நாங்களே.
2. வெள்ளி முதல் ஒரு வாரம் பகலில் ஒருவர் தேவை. கை கழுவிவிட்டு, நேரம் தவறாமல் சொட்டு மருந்து போட வேண்டும். கண்ணில் தண்ணீர் படக் கூடாது. கனமான எதையும் தூக்க விடாதீர்கள்.
3. கண் வலித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே எங்களுக்குப் போன் செய்யுங்கள்.
4. சும்மா பேசிக்கொண்டிருக்க வந்தாலும் சரி. கிரிக்கெட் என்றால் உற்சாகமாகிவிடுவார்.

எந்த நாள், எந்த நேரம் வர முடியும் என்று செவ்வாய் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.