செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் மாதிரி ரயில் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஆயுத பூஜை கொண்டாடினோம். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம். கோடை விடுமுறைக் கண்காட்சியில் நம் எஞ்சின்கள் நடுவழியில் நின்று நின்று ஓடியதை எல்லோரும் பார்த்தீர்கள். அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டியது என் கடமை.

குறை எஞ்சினில் இல்லை, தண்டவாளத்தில். பல வருடங்களாக நன்கொடையாக வந்த 16.5 மி.மீ. இடைவெளித் தண்டவாளத் துண்டுகள், எது எந்த உலோகம் என்று பார்க்காமலே நம் ரயில் ஓடும் மேடையில் கலந்து கிடந்தன. அத்தனையையும் கழற்றி, இந்த வருடம் வகைவகையாகப் பிரித்து வைத்திருக்கிறேன். இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று சிலர் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் சோதனை காந்தம். ஒட்டினால் எஃகு. துண்டின் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். முனையில் வைத்தால் இணைப்புத் தகடு எஃகாக இருந்து ஏமாற்றிவிடும். துத்தநாகப் பூச்சு போட்ட எஃகு பளபளவென்று இருக்கும், அதனால் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. காந்தம் ஒட்டாவிட்டால் அடிப்பக்கத்தில் அரத்தால் லேசாக ஒரு இழுப்பு. பளிச்சென்ற மஞ்சள் என்றால் பித்தளை. லேசான மஞ்சள் சாயலோடு வெண்மை என்றால் நிக்கல் சில்வர், அதாவது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அடித்தளத்தோடு சேர்ந்தே வரும் பாக்மேன் நிறுவனத்தின் ஈ-இசட் ட்ராக்கில் இன்னும் சுலபம்: கருப்பு அடித்தளம் எஃகு, சாம்பல் நிறம் நிக்கல் சில்வர்.

நம் ஊர்க் கடற்காற்றில் எஃகு துருப்பிடிக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பூச்சும் போய், துரு இன்னும் சீக்கிரம் வரும். பித்தளையில் படியும் களிம்பு மின்சாரத்தைத் தடுக்கிறது. பித்தளை நல்ல மின்கடத்திதானே என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கடத்துவதில் நிக்கல் சில்வரைவிடப் பித்தளை பல மடங்கு மேல்தான். ஆனால் சக்கரம் தொடுவது மேற்பரப்பை. அங்கே நிக்கல் சில்வர்தான் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறது. கடத்துவதில் அதற்குள்ள குறையை ஈடுகட்ட, இடையிடையே செம்பு ஒயர் பற்றவைத்து அடியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். செலவுக் கணக்கில் ஒயரும் ஈயமும் வந்தது இதற்காகத்தான்.

எஃகுத் துண்டுகளைத் தூக்கிப் போடவில்லை. ட்ரை-ஆங் ஹார்ன்பி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பழைய மாதிரி எஞ்சின்கள் சிலவற்றில் பிடிமானத்துக்குக் காந்தம் வைத்திருப்பார்கள். எஃகுப் பாதையில்தான் அது வேலை செய்யும். அவற்றுக்கு ஒரு சின்ன வட்டம் தனியாக இருக்கட்டும்.

இந்த வேலைக்கு வருவதாக வாட்ஸ்அப்பில் சொன்னவர்கள் பலர், வந்தவர்கள் ஓரிருவர். வருத்தத்தோடுதான் இதைப் பதிவு செய்கிறேன். சந்தா பாக்கியும் அப்படியே நிற்கிறது. கண்காட்சி அன்று குறை சொன்ன சிலரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

வரவும் செலவும் ஏறக்குறையச் சமம். சிறிது கையிருப்பு உண்டு; விவரம் பொருளாளரிடம் உள்ளது. இடம் தந்தவருக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அப்புறம், அடுத்த ஆண்டு. கையில் உள்ள நிக்கல் சில்வர் உள்வட்டத்துக்கு மட்டுமே போதும். வெளிவட்டத்துக்குப் பீகோ நிறுவனத்தின் ‘கோட் 100’ (Code 100) வகை நிக்கல் சில்வர் தண்டவாளம் வாங்க வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறு யார் ஏற்றாலும் எனக்குச் சம்மதமே. பிரித்து வைத்த பெட்டிகளை மட்டும் மறுபடி கலந்துவிட வேண்டாம். பாக்கி உள்ளவர்கள் இந்த மாதத்துக்குள் செலுத்தினால் அடுத்த கண்காட்சிக்கு முன்பே வெளிவட்டத்தை மாற்றிவிடலாம். பொருளாளர் இன்று ரசீதுப் புத்தகத்தோடு வந்திருக்கிறார்.