கோட்டையில் பார்க்க ஒன்றுமில்லையா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சுற்றுலாப் பகுதியில், ஸ்ரீரங்கப்பட்டினம் பற்றி இப்படி ஒரு வரி: 'தரியா தௌலத் பூங்காவில் நிழலில் இளைப்பாறலாம்; கோட்டை இடிந்து கிடக்கிறது, பார்க்க ஒன்றுமில்லை.' படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

தாங்கள் அறியாததல்ல. காவிரி இரண்டாகப் பிரிந்து சூழ்ந்த அந்தத் தீவின் மேற்கில் கோட்டை. மதிலுக்கு வெளியே, ஆற்றங்கரையில் தரியா தௌலத். கிழக்கு முனையில் திப்புவின் இன்னொரு தோட்டமான லால் பாக். தரியா தௌலத்தில் 1784இல் திப்பு கட்டிய தேக்குமர மாளிகையின் மேற்குச் சுவரில் ஒரு போர் தீட்டப்பட்டிருக்கிறதே, அது நடந்தது எங்கள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10 அன்று. வெடிமருந்து வண்டி தீப்பற்றி எரிகிறது, பல்லக்கில், தோற்ற ஆங்கிலப் படையின் தலைவர் கர்னல் பெய்லி. அந்தப் பெய்லி இதே கோட்டையில் கைதியாகவே 1782இல் இறந்தார். அவர் பெயரில் நிலவறையே இருக்கிறது. புள்ளலூரில் பிடிபட்ட இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரி டேவிட் பேர்ட். ஏறக்குறைய நான்கு வருஷம் இங்கே சிறையிருந்தவர், 1799 மே 4 அன்று மதில் உடைப்பில் ஏறிய படைக்குத் தலைமை தாங்கி வந்தார். திப்பு விழுந்த இடம் நீர்வாசல் அருகே. இவ்வளவும் இருக்கும் இடத்தைப் பார்த்தா 'ஒன்றுமில்லை' என்று எழுத மனம் வந்தது?

பூங்காவை இளைப்பாறும் இடம் என்பதும் எனக்கு வலிக்கிறது. 1792 முற்றுகையில் லால் பாக்கின் சைப்ரஸ் மரங்களை வெட்டிக் கட்டுக் கட்டாக முற்றுகை வேலைக்கு எடுத்துக்கொண்டது ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் படை. கோட்டையை மடக்க, தோட்டத்தையே வெட்டினார்கள். அந்த ஆண்டு உடன்படிக்கையில் திப்புவின் பாதி ராஜ்ஜியம் போயிற்று. திண்டுக்கல்லும், சேலமும், கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகாலும் கும்பெனி கைக்கு வந்தது அப்போதுதான். பிணையாகத் திப்புவின் இரண்டு பிள்ளைகளைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் லால் பாக் அரண்மனையைப் பிரித்து, அதன் மரங்களை ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக்கு ஏற்றிப் போனார்கள். ஊட்டிக்குப் போகும் நம் வாசகர்களில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறோம்?

நான் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மாணவர்களை அங்கே அழைத்துப் போனபோது, வேன் ஏற்பாடு செய்தவர், "ரங்கநாதரைச் சேவிச்சாச்சுல்ல, பிருந்தாவனத்துக்கு நேரமாகுது சார்" என்று விரட்டிக்கொண்டே இருந்தார். நான் நகரவில்லை. புள்ளலூர்ப் பையன் ஒருவன் அந்த ஓவியச் சுவரையே பார்த்து நின்றான். "சார், இது எங்க ஊரா?" என்றான். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவனை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. இன்னொரு பயணத்தில் கோட்டைக்குள் வண்டியே நிற்கவில்லை.

தங்கள் இதழிடமும் எனக்குப் பழைய வருத்தம் உண்டு. ஸ்ரீரங்கம் கோபுரப் படத்தின் கீழே ஸ்ரீரங்கப்பட்டினம் என்று அச்சிட்டீர்கள்; எழுதினேன், பதில் இல்லை. புள்ளலூரில் மறு ஆண்டு, 1781இல் நடந்த இன்னொரு போரில் இறந்த ஆங்கில அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் வயலோரம் நிற்பதைப் பற்றி எழுதினேன். அதற்கும் இடம் கிடைக்கவில்லை. இடநெருக்கடி இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உணவகங்களுக்கு முக்கால் பக்கம் கிடைத்திருக்கிறதே. தம் தோல்வியைக் காட்டும் அந்த மாளிகை ஓவியத்தை 1855இல் புதுப்பிக்கச் சொன்னவர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி. ஆங்கிலேயருக்கே இருந்த அந்த அக்கறையை நம்மவரிடம் எதிர்பார்ப்பது தவறா, ஐயா?

அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி, புள்ளலூர்ப் போர் ஓவியத்தின் படம் ஒன்றை வெளியிடுங்கள். படத்தின் கீழே 'புள்ளலூர், காஞ்சிபுரம் அருகே' என்று மட்டும் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
காஞ்சிபுரம்.