தமிழ்ச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை: செயலாளர் சமர்ப்பிப்பது

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தமிழ்ப் புத்தாண்டு, சுதந்திர தினக் கொடியேற்றம், சரஸ்வதி பூஜை, பொங்கல் விழா எல்லாம் வழக்கம்போல் நடந்தன. மழையால் தள்ளிப்போன ரத்ததான முகாமைத் தீபாவளிக்கு அப்புறம் நடத்தினோம்.

இந்த ஆண்டு சங்கம் புதிதாகச் செய்தது ஒன்றே ஒன்று: ஞாயிறு வாசிப்பு வகுப்புப் பிள்ளைகள் வரைந்த ஆற்று வரைபடம். அதற்குப் பணம் செலவழித்தது ஏன் என்று பலர் கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் வரும் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் தமிழில் சொல்ல வைப்பது எவ்வளவு பாடு என்று வகுப்பெடுத்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஏற்கெனவே படமாகப் பார்த்திருந்த, டோல்கீன் என்ற ஆங்கில எழுத்தாளரின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்ற கற்பனைக் கதையைத் தமிழில் சொல்லச் சொன்னோம். கூச்சம் போய்ப் பேசினார்கள். யார் எந்தப் பக்கம் போனார்கள் என்பதில்தான் தகராறு. சரி, அந்தக் கதையில் வரும் நாட்டின் பெரிய ஆறான அண்டுயினை உற்பத்தியாகும் இடத்திலிருந்து கடல்வரை வரைந்துவிடலாம் என்று முடிவெடுத்து, இரண்டு எட்டு முழ வேட்டிகளை நீளவாக்கில் தைத்து விரித்தோம்.

வடக்கே மலைகளிலிருந்து வரும் இரண்டு சிற்றாறுகள் கூடி அண்டுயின் ஆகிறது. மேற்கே மூடுபனி மலைகள், கிழக்கே மிர்க்வுட் காடு, நடுவே ஆறு தெற்கு நோக்கிப் போகிறது. துணையாறுகள் ஏன் பெரும்பாலும் மேற்கிலிருந்தே வருகின்றன என்று ஒரு சிறுமி கேட்டாள். மலை அந்தப் பக்கம் இருப்பதால்தான். நாசிக் அருகே திரியம்பகத்தில், அரபிக்கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் பிறக்கும் கோதாவரி ஏன் வங்காள விரிகுடாவுக்குப் போகிறது என்பதை அன்றைக்கு அதே வேட்டியில் விளக்க முடிந்தது.

கிளாடன் ஆறு வந்து சேரும் சதுப்பு நிலத்தருகேதான் அந்தக் காலத்து அரசன் இசில்டுர் ஆற்றில் இறங்கித் தப்பப் பார்த்து உயிரிழக்கிறான். அவனிடமிருந்து நழுவிய மோதிரம், கதைக்கே மையமான அது, 2,400 ஆண்டுகளுக்கு மேல் ஆற்றடியில் கிடக்கிறது. தெற்கே போனால் பாறைகள் நிறைந்த வேகநீர். அங்கே படகைத் தோளில் சுமந்துதான் தாண்ட வேண்டும். அப்புறம் இரு பெரும் அரசர் சிலைகள், ஏரி, ரௌரோஸ் அருவி. படகுப் பயணம் அருவிக்கு மேலேயே முடிந்துவிடுவதால், மோதிரத்தை அழிக்கப் புறப்பட்ட நண்பர்கள் கூட்டம் அங்கே பிரிகிறது. அவர்களில் அங்கே கொல்லப்பட்ட பொரோமிரின் உடலை வைத்த படகை மட்டும் அருவியில் விடுகிறார்கள். கீழே அதைப் பார்ப்பது அவனுடைய தம்பி ஃபாராமிர். போர் முற்றும்போது அதே கூட்டத்தைச் சேர்ந்த அரகோர்ன் அதே ஆற்றில் தெற்கிலிருந்து கப்பல்களோடு மேலேறி வருகிறான். அதற்கும் கீழே ஆறு கிளைகளாகப் பிரிந்து, டெல்டாவாகி, பெல்ஃபலாஸ் விரிகுடாவில் கலக்கிறது. வரைபடத்தை முதலில் வைத்துக்கொண்டு அதற்குத் தகுந்தபடி கதையை அமைத்ததாக டோல்கீன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வரைந்து பார்த்த பிள்ளைகளுக்கு அது தானாகவே புரிந்தது.

“தமிழ்ச் சங்கத்தில் இங்கிலீஷ்காரர் ஆறு எதற்கு, காவிரியை வரையக் கூடாதா?” என்று கேட்ட மூத்த உறுப்பினர்களுக்கு ஒரு சொல். காவிரியைப் பற்றி வகுப்பெடுக்க வாருங்கள் என்று உங்களை நேரிலும் வாட்ஸ்அப்பிலும் அழைத்தேன். இன்றுவரை யாரும் வரவில்லை. மழைக்காலத்தில் ரயில் நின்ற ஞாயிறுகளில்கூடப் பிள்ளைகள் நடந்து வந்தார்கள். பெரியவர்கள் வராதது எனக்கு வருத்தமே. வகுப்புக்குக் கிடைத்திருந்த கூடமும் பாதியில் கைவிட்டுப் போனது. மீதியை மொட்டை மாடியில் தார்ப்பாயின் கீழ் முடித்தோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். சுருக்கமாக, விழாக்களுக்கு வந்த நன்கொடை விழாக்களுக்கே சரியாகிவிட்டது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. துணி, வண்ணம், தேநீர் தவிர வரைபடத்துக்கு வேறு செலவில்லை. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சந்தா பாக்கி. சிலருக்கு இது மூன்றாவது ஆண்டு. பொங்கல் சாப்பாட்டுப் பந்தியில் எல்லோரையும் பார்க்க முடிகிறது. பொதுக்குழுவில் பார்க்க முடிவதில்லை.

சமையல் பொறுப்பேற்ற மகளிர் அணிக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், தணிக்கையாளருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் நம் மும்பையின் மித்தி ஆற்றை வரைய வேண்டும் என்பது என் ஆசை. விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரில் தொடங்கி, விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் புகுந்து, குர்லா, தாராவி வழியாக மாஹிமில் கடலைச் சேரும் சுமார் 18 கிலோமீட்டர் ஆறு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது அது எங்கெல்லாம் ஏறியது என்று நம் வீடுகளிலேயே சாட்சி சொல்ல ஆள் இருக்கிறார்கள். அவர்கள் வந்து பேசினால் பிள்ளைகள் அதையும் தமிழில் எழுதி வைப்பார்கள்.

இதற்கு ஒரு கூடம் வேண்டும், மாதம் ஒரு ஞாயிறு வரக்கூடிய பெரியவர்கள் நான்கு பேர் வேண்டும், பாக்கிச் சந்தா வர வேண்டும். இவை அமையாவிட்டால் இந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்பதுதான் சங்கத்துக்கு நல்லது என்று நினைக்கிறேன். ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசலருகே உட்கார்ந்திருக்கிறார். ஜிபேயும் உண்டு.

செயலாளர்
மும்பை