8171 ஏக்கர்ல உனக்கு எத்தனை ஏக்கர்?

பாப்பா,

நேத்து போன்ல பனில ஸ்கீ பண்ண விஸ்லரா பிரான்ஸான்னு கேட்டுட்டு நீ பாட்டுக்கு வச்சிட்ட, நான் ராத்திரி பூராம் மேப்ப நோண்டிக்கிட்டு கெடந்தேன். உங்கம்மா ஏலக்கா ரேட்டு பாக்குறேன்னு நெனச்சிருக்கா. பனிய சினிமாவுல மட்டும் பாத்த ஆளு என்னத்த சொல்லப்போறாருன்னு சிரிக்காத, மலைக்கணக்கு எனக்கும் தெரியும்.

கனடாவுல விஸ்லர், பிளாக்கோம்னு ரெண்டு மலை சேந்த விஸ்லர் பிளாக்கோம் 8171 ஏக்கராம், ஸ்கீ எடத்துல வட அமெரிக்காவுலயே பெருசுங்குறாய்ங்க. பூப்பாறைல நம்ம நாலு ஏக்கர சுத்தி வரவே எனக்கு மூச்சு வாங்குது! பிரான்ஸ்ல அந்த மூணு பள்ளத்தாக்கு இருக்குல்ல, த்ருவா வாலே, அங்க ஸ்கீ பாதை 600 கிலோமீட்டராம். ஒருத்தன் ஏக்கர்ங்குறான் ஒருத்தன் கிலோமீட்டர்ங்குறான், எதுக்குடா இப்பிடின்னு தேடுனா விஷயம் இருக்கு. அமெரிக்கா கனடா பக்கம் எல்லைக்குள்ள இருக்குற மலை பூராத்துக்கும் பனிச்சரிவ பாத்து சரி பண்ண ஆளு போட்டிருக்கான், அதனால மரத்துக்கு ஊடால இருக்குறதையும் சேத்து ஏக்கராச் சொல்றான். ஐரோப்பாவுல கம்பு நட்டு அடையாளம் வச்ச பாதை மட்டும்தான் அவன் பொறுப்பு, தாண்டுனா உன் பாடு. அதான் பாதைய அளக்குறான். அதுலயும் சில ரிசார்ட்டுல ஸ்கீ பண்றவன் வளஞ்சு வளஞ்சு வர்றதையும் கூட்டி நீளத்த ஏத்தியிருக்காய்ங்க, குடிச்சவன் தள்ளாடி நடந்தா ரோடு நீளமாயிருமா?

அந்த மூணு பள்ளத்தாக்குல வால் தோரன்ஸ்ங்குற ஊரே 2300 மீட்டர்ல இருக்கு. விஸ்லர் பக்கம் லிஃப்ட் போய் நிக்கிற உச்சியே 2284 தான், நம்ம ஆனமுடி 2695. வடக்க தள்ளி இருக்குறதாலதான் அங்க அம்புட்டு பனி. ஆனா விஸ்லர் வில்லேஜ் 675 மீட்டர்தான், அதனால மேல பனி கொட்டுறப்ப கீழ மழை பெய்யும், போடில வெயிலடிக்க மெட்டுல மூடாப்பு போட்டிருக்குமே அந்த மாதிரி. மழைக்கோட்டு எடுத்துக்க.

விஸ்லர் மலைக்கும் பிளாக்கோம் மலைக்கும் நடுவுல 2008ல ஒரு கோண்டோலா, அதான் கம்பில தொங்கிப் போற பொட்டி, விட்டிருக்கான், 4.4 கிலோமீட்டர், 11 நிமிஷம், பொட்டிக்கு 28 பேரு. நம்ம தோட்ட ஜீப்புலயும் ஆள அடைக்கத்தான் செய்றான், ஆனா அது தரையில போகுது. இதுல நடுவுல 3 கிலோமீட்டருக்குத் தூணே இல்ல, கீழ 436 மீட்டர் பள்ளம். வீடியோவ பாத்ததுக்கே எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. நீ ஏறுவ, தெரியும்.

எனக்குக் கேட்டா இந்த வருஷம் விஸ்லர் போதும், வான்கூவர்லருந்து ரெண்டு மணி நேரந்தானே. பச்சை வட்டம் போட்ட சுலபமான பாதை மட்டும் போ. கூட வர்றவுக அதவிடக் கஷ்டமான நீலச் சதுரத்துக்கு இழுப்பாக, அந்த மலைல பாதிக்கு மேல நீலந்தான், ரெண்டு நாள் பழகாம போகாத. கருப்பு டைமண்ட் ரொம்பக் கஷ்டம், அந்தப் பக்கமே திரும்பாத. மரத்தடிக்கும் போகாத, கிளைக்குக் கீழ பனி இறுகாம குழியா இருக்குமாம், தலகீழா விழுந்தா தானா எந்திரிக்க முடியாதுங்குறாக. சாயங்காலம் லிஃப்ட வெள்ளனவே நிப்பாட்டிருவான், கோண்டோலால எதிர் மலைக்குப் போனா அங்க மாட்டிக்காம மதியமே கெளம்புன மலைக்குத் திரும்பி வந்துரு.

ஹெல்மெட் வாடகைக்குக் கெடைக்குதான்னு கேட்டுச் சொல்லு. டிவிஎஸ் 50ய பிரேக் எதுன்னு கேக்காமலே வாழைத்தோட்டத்துக்குள்ள விட்ட ஆளு நீ.

அப்பா